குடிபெயரும் துப்பாக்கி

பயிர்க் காவலுக்கு அனுமதி பெற்ற துப்பாக்கி வைத்திருக்கும் ஒருவர் பலாங்கொடையை விட்டு வேறு மாவட்டத்துக்குக் குடிபோகிறார். கட்டிலும் அலுமாரியும் லொறியில் ஏறிவிடும். துப்பாக்கியை அப்படி ஏற்றிவிட முடியாது. என்ன செய்ய வேண்டும்? ஒரு வழிகாட்டி.

பலாங்கொடையில் இருப்பவருக்கு அடுத்த மாகாணம் தூரத்தில் இல்லை. ஏ4 வீதியில் கிழக்கே போய் பெலிஹுல்ஓயாவைத் தாண்டினால் ஹல்துமுல்லை. அது பதுளை மாவட்டம், ஊவா மாகாணம். வடக்கே பின்னவலைப் பக்கமாக மலையேறினால் பொகவந்தலாவை. அது நுவரெலியா மாவட்டம், மத்திய மாகாணம். தெற்கே கல்தோட்டை வயல்வெளி இறங்கி உடவளவைப் பக்கம் போகிறது. அதற்கப்பால் மொனராகலையும் அம்பாந்தோட்டையும். காலையில் சப்ரகமுவையில் தேநீர் குடித்தவர் பகலுணவுக்கு முன்பே இன்னொரு மாகாணத்தில் இருக்கலாம்.

அதனால் இந்தப் பகுதியில் குடும்பங்கள் இடம் மாறுவது சாதாரண விஷயம். பிள்ளைகளின் படிப்புக்காகப் பண்டாரவளைக்குப் போகிறார்கள். வயதான பெற்றோரைப் பார்க்க ஹட்டன் பக்கம் போகிறார்கள். தேயிலைக் காணியை விற்றுவிட்டு இரத்தினபுரியில் கடை போடுகிறார்கள். மண்சரிவு அபாயம் என்று வீட்டை விட்டு எழுப்பப்பட்டு, திரும்பிப் போக முடியாமல் புதிய இடம் தேடுகிறவர்களும் உண்டு. இப்படிப் போகிறவர்களில் சிலரது வீட்டில் பன்னிரண்டு போர் துப்பாக்கி ஒன்று இருக்கிறது. தகப்பன் காலத்தில் பன்றி விரட்ட வாங்கியது. அதை என்ன செய்வது என்று பலர் குடிபோன பிறகுதான் யோசிக்கிறார்கள். அப்போது காலம் கடந்துவிடுகிறது.

இந்தக் கட்டுரை சொல்ல வருவது ஒன்றுதான். வீடு மாறுவதற்கு முன்பு துப்பாக்கியின் காரியத்தை முடிக்க வேண்டும். முதலில் கடிதம், பிறகு துப்பாக்கி, கடைசியில் வீட்டுச் சாமான். இந்த வரிசை மாறினால், வருடக்கணக்காகச் சட்டத்தை மதித்து வாழ்ந்த ஒரு மனிதர் ஒரே இரவில் சட்டவிரோத ஆயுதம் வைத்திருப்பவர் என்ற நிலைக்கு வந்துவிடலாம்.

அனுமதி யாருக்கு, எதற்கு?

இலங்கையில் துப்பாக்கியை ஆளும் சட்டம் நூறு வயது கடந்தது: 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கத் துப்பாக்கிகள் கட்டளைச் சட்டம். பலமுறை திருத்தப்பட்டிருக்கிறது. 1996ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் தண்டனைகளைக் கடுமையாக்கியது. வெடிமருந்துக்கு வேறு சட்டம்: 1956ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க வெடிபொருட்கள் சட்டம். ஆக, துப்பாக்கி ஒரு சட்டத்தின் கீழும், அதற்குப் போடும் மருந்து இன்னொரு சட்டத்தின் கீழும் வருகின்றன. இரண்டையும் சேர்த்தே யோசிக்க வேண்டும்.

நம் நாட்டில் பொதுமக்கள் கையில் இருக்கும் அனுமதி பெற்ற துப்பாக்கிகள் பெரும்பாலும் இரண்டு காரணங்களுக்காகக் கொடுக்கப்பட்டவை. ஒன்று பயிர்ப் பாதுகாப்பு. இதற்கான அனுமதி மாவட்டச் செயலகம், பிரதேச செயலகம் வழியாக வருகிறது. பழைய ஆட்கள் இன்றும் கச்சேரி என்றுதான் சொல்கிறார்கள். மற்றது தற்பாதுகாப்பு. இது பாதுகாப்பு அமைச்சின் கையில் இருக்கிறது. 2024 நவம்பரில் பாதுகாப்பு அமைச்சு, தற்பாதுகாப்புக்கென்று கொடுத்த துப்பாக்கிகளை மறுபரிசீலனைக்காகத் திரும்ப ஒப்படைக்கச் சொன்னது நினைவிருக்கும். கொடுத்த அனுமதியை அரசு எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பார்க்கும் என்பதற்கு அது நல்ல உதாரணம்.

அனுமதிப்பத்திரம் வருடத்துக்கு வருடம் புதுப்பிக்க வேண்டியது. வழக்கமாக ஒக்டோபர் 1இல் தொடங்கி டிசம்பர் 31 வரை புதுப்பிக்கும் காலம். புதுப்பிக்காத துப்பாக்கியை வைத்திருப்பது கட்டளைச் சட்டத்தின் 22ஆம் பிரிவின் கீழ் குற்றம் என்று அமைச்சு ஒவ்வொரு வருடமும் அறிவித்தல் போடுகிறது. டிசம்பரில் வீடு மாறுகிறவர்கள் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். பழைய ஊரில் புதுப்பிக்கப் போக நேரமில்லை, புதிய ஊரில் இன்னும் கோப்பு இல்லை. ஜனவரி முதலாம் தேதி விடியும்போது வீட்டுக்குள் இருப்பது அனுமதியற்ற ஆயுதம்.

இதில் முக்கியமாக விளங்கிக்கொள்ள வேண்டியது, அனுமதிப்பத்திரத்தில் ஒரு மனிதரும் ஒரு துப்பாக்கியும் ஒரு முகவரியும் ஒரு காரணமும் சேர்ந்திருக்கின்றன என்பதுதான். இந்த நபர், இந்த இலக்கமுள்ள துப்பாக்கியை, இந்த இடத்தில் இருந்துகொண்டு, இந்தக் காணியின் பயிரைக் காக்க வைத்திருக்கலாம் என்று அரசு சம்மதித்திருக்கிறது. குடிபோகும்போது முகவரி மாறுகிறது. காணியை விற்றிருந்தால் காரணமும் போய்விடுகிறது. நான்கில் இரண்டு போன பிறகு பழைய தாளை வைத்துக்கொண்டு 'லைசன்ஸ் இருக்கு' என்று சொல்வது சரியாகாது.

புறப்படுவதற்கு முன்

குடிபோவது உறுதியானதும் முதல் வேலை, அனுமதிப்பத்திரத்தையும் துப்பாக்கியையும் எடுத்து மேசையில் வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பது. துப்பாக்கியில் பொறித்த தொடர் இலக்கமும் தாளில் உள்ள இலக்கமும் ஒன்றா? தாளில் உள்ள பெயரும் தேசிய அடையாள அட்டையில் உள்ள பெயரும் ஒன்றா? மலையகத் தமிழருக்கு இந்தக் கேள்வி சின்னதல்ல. பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்து, அடையாள அட்டையில் வேறொரு எழுத்து, சிங்களத்தில் எழுதியபோது மூன்றாவது உச்சரிப்பு என்று ஒரே ஆளுக்கு மூன்று பெயர் ஓடுவது நமது தோட்டங்களில் எங்கும் உண்டு. கிராம சேவகர் சான்றிதழிலிருந்து வங்கிக் கணக்கு வரை அந்தப் பிழை துரத்தும். வேறு விஷயங்களில் அது அலைச்சலோடு முடியும். ஆயுத விஷயத்தில் சந்தேகத்தைக் கிளப்பும். பழைய ஊரில், உங்களைத் தெரிந்த அலுவலகத்தில் இருக்கும்போதே அதைத் திருத்திக்கொள்ளுங்கள்.

முகவரியும் அப்படித்தான். லயத்து வீட்டுக்குத் தனி இலக்கம் கிடையாது. தோட்டத்தின் பெயர், மேற்பிரிவா கீழ்ப்பிரிவா என்பது, அவ்வளவுதான் முகவரி. புதிய இடத்தில் கிராம சேவகர் பிரிவின் பெயரையும் இலக்கத்தையும் சரியாகக் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள்.

அடுத்தது கடிதம். அனுமதி கொடுத்த பிரதேச செயலகத்துக்கு, இன்ன திகதியில் இன்ன முகவரிக்குப் போகிறேன், என் பெயரில் இன்ன இலக்கத் துப்பாக்கி இருக்கிறது, அதைக் கொண்டுபோக என்ன செய்ய வேண்டும் என்று கேட்டு எழுத வேண்டும். வாயால் சொல்லிவிட்டு வந்தால் போதாது. கடிதத்தின் பிரதியில் திகதி முத்திரையும் கையெழுத்தும் வாங்குங்கள். அதே விபரத்தைப் போகப்போகும் ஊரின் பிரதேச செயலகத்துக்கும் எழுதுங்கள். இரண்டு ஊரின் பொலிஸ் நிலையத்துக்கும் ஒரு பிரதி கொடுங்கள். பலாங்கொடைக்கும் இம்புல்பைக்கும் தனித்தனி பிரதேச செயலகங்கள். பக்கத்து ஊருக்குத்தானே போகிறோம் என்று நினைத்தாலும் பிரிவு மாறியிருக்கலாம், கேட்டுவிடுவது நல்லது.

தமிழில் எழுதலாமா என்று தயங்குகிறவர்கள் நிறையப் பேர். எழுதலாம். தமிழும் அரச கரும மொழி என்று அரசியலமைப்பின் 4ஆம் அத்தியாயம் சொல்கிறது. சப்ரகமுவையில் அலுவலக வேலை பெரும்பாலும் சிங்களத்தில் நடப்பதால் பதில் தாமதமாகலாம். ஆகவே தமிழ்க் கடிதத்தோடு ஒரு சிங்கள மொழிபெயர்ப்பையும் இணைத்தால் வேலை சுருக்கமாக முடியும். அதைவிட முக்கியம், அவர்கள் நீட்டும் படிவத்தில் என்ன இருக்கிறது என்று விளங்காமல் கையெழுத்து வைக்காதிருப்பது. வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். கேட்பதில் வெட்கம் எதுவும் இல்லை. அனுமதிப்பத்திரத்தின் நிபந்தனையை மீறினால் பதில் சொல்லப்போவது கையெழுத்து வைத்தவர்தான்.

துப்பாக்கியைப் புதிய இடத்துக்குக் கொண்டுபோக எழுத்து மூலம் சம்மதம் வரும்வரை அதைப் பழைய ஊரிலேயே பாதுகாப்பில் வைப்பதுதான் நல்ல வழி. பொலிஸ் நிலையத்தில் ஒப்படைத்தால் தொடர் இலக்கம் எழுதிய பற்றுச்சீட்டு வாங்க வேண்டும். ரவைகளையும் எண்ணி ஒப்படைத்து, எண்ணிக்கையை அந்தச் சீட்டில் எழுத வையுங்கள். மச்சான் வீட்டில் வைத்துவிட்டுப் போகிறேன் என்ற பேச்சு வேண்டாம். அனுமதி உங்கள் பெயரில் இருக்கிறது. மச்சான் கையில் இருந்தால் அவர்தான் குற்றவாளி. அவர் பிள்ளை எடுத்து விளையாடினால் அந்தப் பழி உங்களுக்கும் சேரும்.

பயண நாளன்று

துப்பாக்கியை எடுத்துப்போகச் சம்மதம் கிடைத்துவிட்டது என்று வைப்போம். சாமான் லொறியில் மெத்தைக்குள் சுருட்டி அனுப்பக்கூடாது. லொறிக்காரருக்கும் கூலிக்கும் அனுமதி இல்லை. பஸ்ஸில் சாக்குப்பையில் கட்டிக்கொண்டு போவதும் ஆபத்து. அனுமதிப்பத்திரக்காரர் தானே, தனி வாகனத்தில் கொண்டுபோக வேண்டும்.

குழலில் ரவை இல்லை என்பதைப் புறப்படுமுன் கண்ணால் பார்த்து, விரலாலும் தடவிப் பார்க்க வேண்டும். வெளிச்சம் குழலின் மறுமுனை வரை தெரிய வேண்டும். கழற்றக்கூடிய துப்பாக்கி என்றால் குழலையும் கட்டையையும் பிரித்து, உறையிலிட்டுப் பூட்டுங்கள். ரவைகள் வேறு பெட்டியில், வேறு பூட்டில். மூல அனுமதிப்பத்திரம், செயலகக் கடிதம், அடையாள அட்டை மூன்றும் சட்டைப் பையில். ஏ4 வீதியில் பொலிஸ் சோதனை இருந்தால், பையைத் திறப்பதற்கு முன்பே 'என்னிடம் அனுமதி பெற்ற துப்பாக்கி இருக்கிறது, கடிதம் இதோ' என்று சொல்லிவிடுங்கள். சோதனையில் தானாக வெளிப்படுவதற்கும் நீங்கள் முந்திச் சொல்வதற்கும் வித்தியாசம் உண்டு. வழியில் யார் வீட்டிலும் இரவு தங்காமல் நேராகப் போய்ச் சேருங்கள். சேர்ந்த அன்றோ மறுநாள் காலையிலோ புதிய ஊர்ப் பொலிஸ் நிலையத்தில் தெரிவியுங்கள்.

மலை இடியும்போது

முன்கூட்டித் திட்டமிட்டுக் குடிபோகிறவருக்கு மேலே சொன்னது பொருந்தும். ஆனால் சப்ரகமுவையில் இன்னொரு வகைக் குடிபெயர்வு உண்டு. 2016 மே 17 அன்று கேகாலை மாவட்டம் அரநாயக்கையில் சாமசர மலை சரிந்து கிராமங்களை மூடியது. 2017 மே மாதம் இரத்தினபுரி மாவட்டத்தில் வெள்ளமும் மண்சரிவும் பல உயிர்களைக் கொண்டுபோயின. வெளியேறும்படி தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் எச்சரிக்கை வந்தால் உடனே வீட்டை விட்டு இறங்க வேண்டும்.

அந்த அவசரத்தில் முதலில் மனிதர், பிறகு மருந்தும் ஆவணமும். துப்பாக்கிக்காக யாரும் திரும்பி ஓடக்கூடாது. கையில் எடுக்க முடிந்தால், அகதி முகாமான பாடசாலைக்கோ கோயில் மண்டபத்துக்கோ அதைக் கொண்டுபோகாதீர்கள். நூறு பேர் தூங்கும் இடத்தில் பிள்ளைகள் ஓடி விளையாடுவார்கள். நேராகப் பொலிஸிடமோ அங்கு வரும் இராணுவத்தினரிடமோ ஒப்படைத்து எழுதி வாங்குங்கள். எடுக்க முடியாமல் விட்டுவிட்டு வந்தால், வீட்டுக்குள் துப்பாக்கி இருக்கிறது என்பதை அன்றே பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடாகப் பதியுங்கள். மண்ணுக்குள் போனதோ, ஆளில்லாத வீட்டிலிருந்து களவு போனதோ, அந்தப் பதிவுதான் பின்னால் உங்களைக் காக்கும்.

ஆளில்லா வீட்டுத் துப்பாக்கி யார் கைக்குப் போகும் என்பதற்கு இந்த நாட்டின் வரலாறே சாட்சி. 1971 ஏப்ரல் கிளர்ச்சியில் கேகாலை மாவட்டம் முக்கிய களமாக இருந்தது. வீடுகளிலிருந்து பறித்த வேட்டைத் துப்பாக்கிகளும் கையால் செய்த குண்டுகளும்தான் கிளர்ச்சிக்காரர்களின் ஆயுதங்களில் பெரும்பங்கு. 1987-89 கிளர்ச்சிக் காலத்திலும் கிராமத்து வீடுகளிலிருந்து துப்பாக்கிகள் பறிக்கப்பட்டன. ஒரு வீட்டின் மூலையில் இருந்த பன்றித் துப்பாக்கி பக்கத்து ஊரில் ஒரு மனிதனின் மார்பைத் துளைத்த காலம் அது. துப்பாக்கி எங்கே இருக்கிறது என்று அரசு வருடாவருடம் கேட்பதற்கு அந்த அனுபவமும் ஒரு காரணம்.

புதிய ஊரில் உண்மையிலேயே தேவையா?

இந்தக் கேள்வியைப் பலர் கேட்டுக்கொள்வதே இல்லை. கல்தோட்டையில் வயல் செய்தவருக்கு யானையும் பன்றியும் தினசரிப் பிரச்சினை. அவரே பண்டாரவளை நகரத்தில் வாடகை வீட்டுக்குப் போனால் அங்கே காக்க என்ன பயிர்? பயிர்ப் பாதுகாப்பு என்று பெற்ற துப்பாக்கியைப் பயிரில்லாத வீட்டுக்குக் கொண்டுபோவதற்கு நியாயம் இல்லை. அங்கே அது வெறும் ஆபத்துதான்.

குடியும் கோபமும் கடனும் இல்லாத வீடு அபூர்வம். துப்பாக்கி இருக்கும் வீட்டில் இந்த மூன்றில் எது கூடினாலும் முடிவு மோசமாகும். புதிய ஊரில் வேலை கிடைக்காமல், சொந்தக்காரர் பக்கத்தில் இல்லாமல், மனம் உடைந்து இருக்கும் முதல் மாதங்கள் ஒரு குடும்பத்துக்கு மிகப் பலவீனமான காலம். அந்தக் காலத்தில் அலுமாரிக்குள் ரவையும் துப்பாக்கியும் சேர்ந்து இருக்க வேண்டாம் என்று வீட்டுப் பெண்கள் சொன்னால், அந்தப் பேச்சுக்கு மதிப்புக் கொடுங்கள். கொண்டுபோவதா வேண்டாமா என்பதை வீட்டில் எல்லோரும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டும்.

தேவையில்லை என்று முடிவானால் கௌரவமான வழிகள் இருக்கின்றன. செயலகத்தின் சம்மதத்தோடு, அனுமதி பெறத் தகுதியுள்ள இன்னொருவருக்கு முறைப்படி மாற்றலாம். அனுமதி பெற்ற வியாபாரியிடம் விற்கலாம். அரசிடம் ஒப்படைத்துப் பெயரைக் கோப்பிலிருந்து நீக்கிக்கொள்ளலாம். எந்த வழியானாலும் துப்பாக்கி உங்கள் கையை விட்டுப் போனதற்கான தாள் கையில் இருக்க வேண்டும். அதைக் கடைசிவரை பத்திரப்படுத்துங்கள்.

தகப்பன் இறந்த பிறகு வீட்டில் கிடக்கும் துப்பாக்கிக்கும் இதே விதிதான். காணி பிள்ளைக்கு வரலாம், அனுமதிப்பத்திரம் பரம்பரைச் சொத்தாக வராது. அது இறந்தவரோடு முடிந்துவிட்டது. காரியம் முடிந்த கையோடு, மரணச் சான்றிதழின் பிரதியுடன் போய்த் தெரிவித்து, துப்பாக்கியை ஒப்படைத்துவிட்டு, தேவையென்றால் பிள்ளை தன் பெயரில் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். கூரைச் சந்தில் வருடக்கணக்காகச் சுற்றி வைத்து, வீடு மாறும்போது வெளியே எடுத்து முழிப்பவர்கள் உண்டு. அப்படி ஒன்று கிடைத்தால் தொடாமல், தூக்காமல், முதலில் ஒரு சட்டத்தரணியிடம் பேசுங்கள். அரசு 2016இலும் 2020இலும் செய்ததுபோல பொது மன்னிப்புக் காலம் அறிவித்தால் அதைத் தவறவிடாதீர்கள்.

கட்டிவிட்டுப் போகாதீர்கள்

இனிச் சொல்வது அனுமதியே இல்லாத ஆயுதத்தைப் பற்றி. இரும்புக் குழாயில் மருந்தையும் ஈயத்தையும் அடைத்து, மரத்தில் கட்டி, பன்றி வரும் தடத்தில் கம்பி இழுத்துவிடும் கட்டுத்துப்பாக்கி. அதைச் செய்வதும் வைத்திருப்பதும் குற்றம். அதற்குக் கண் இல்லை. பன்றி, முள்ளம்பன்றி, சிறுத்தை, விறகு பொறுக்கப் போன பெண், பந்து தேடிப் போன பிள்ளை என்று வித்தியாசம் பார்க்காது. பன்றியின் உயரத்துக்குக் கட்டுவதால் மனிதருக்குப் பெரும்பாலும் காலில் படும். கால் போனால் மலையில் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்குப் பிழைப்பே போகிறது.

குடிபெயர்வுக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு உண்டு. காணியை விட்டுப் போகிறவர் கட்டியதை அவிழ்க்காமல் போய்விடுகிறார். புதிதாகக் காணி வாங்கி வருகிறவருக்கு அது எங்கே இருக்கிறது என்று தெரியாது. வேலி ஓரம் புல் வெட்டும் முதல் நாளே வெடிக்கிறது. விற்றுவிட்டுப் போகிறவருக்கு ஒரு வேண்டுகோள்: காணியில் கட்டுத்துப்பாக்கியோ சுருக்குக் கம்பியோ இருந்தால் உடனே பொலிஸுக்குத் தெரிவித்து அகற்றுங்கள். வாங்குகிறவருக்கு இன்னொன்று: உறுதி எழுதுவதற்கு முன்பு எல்லை முழுக்க விற்பவரையே முன்னால் விட்டு நடக்கச் சொல்லுங்கள்.

சுருக்குக் கம்பியும் அதே பாவம்தான். 2020 மே மாதம் நல்லதண்ணியில் கம்பியில் சிக்கிய கருஞ்சிறுத்தையை மீட்டு, சிகிச்சைக்காக உடவளவைக்குக் கொண்டுபோனார்கள். சில நாட்களில் இறந்துவிட்டது. அதுபோன்ற கருஞ்சிறுத்தைகள் இலங்கையில் மிக அரிது. பன்றிக்கென்று கட்டிய ஒரு முழக் கம்பி அதைக் கொன்றது.

காணி இல்லாதவருக்கு என்ன வழி?

இதுவரை சொன்னதெல்லாம் காணியும் அனுமதியும் உள்ளவருக்கு. பலாங்கொடையைச் சுற்றியுள்ள பெட்டியாகலை, ரஸ்ஸகலை போன்ற தோட்டங்களில் வாழும் தொழிலாளிக்கு இரண்டும் இல்லை. 1972இலும் 1975இலும் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் பிராந்தியக் கம்பெனிகளுக்குப் போனது. இத்தனை கை மாறிய பிறகும் லயத்துக்குப் பின்னால் உள்ள மரக்கறித் தோட்டம் தொழிலாளியின் பெயரில் இல்லை. மரவள்ளியும் வத்தாளங்கிழங்கும் அவர் நட்டவை, பன்றி தோண்டுவது அவர் வயிற்றை. காணிக்கு உறுதி இல்லாதவர் பயிர்ப் பாதுகாப்புக்கு எதைக் காட்டி விண்ணப்பிப்பது? அந்த இடைவெளியில்தான் கட்டுத்துப்பாக்கி முளைக்கிறது. கட்டியவரைப் பிடித்து வழக்குப் போடுவது சரி. பன்றியிடமிருந்து கிழங்கைக் காக்க அவருக்குச் சட்டபூர்வமான ஒரு வழியைக் காட்டாமல் விடுவது சரியல்ல.

வீட்டுக்கு ஒரு துப்பாக்கி கொடுப்பது அதற்கு விடை ஆகாது. கேரளம் 2022இல் ஒரு வழி காட்டியது. மக்களைத் தொல்லைப்படுத்தும் காட்டுப்பன்றிகளைச் சுட உத்தரவிடும் அதிகாரத்தை உள்ளூராட்சி அமைப்புகளின் தலைவர்களிடம் கொடுத்தது. சுடுகிறவர் அனுமதி பெற்ற துப்பாக்கிக்காரர், கணக்கு உள்ளூராட்சியிடம். நமது பிரதேச செயலகமும் தோட்ட நிர்வாகமும் விவசாய உத்தியோகத்தரும் சேர்ந்து, பயிற்சி பெற்ற சிலரை ஒரு பிரிவுக்கு நியமித்தால் போதும். லயத்துக்கு லயம் குழாய்த் துப்பாக்கி ஒளிந்திருக்கும் நிலை குறையும். 2025 மார்ச் 15 அன்று காலை 8 மணிமுதல் 5 நிமிடம் நாடு முழுவதும் குரங்கு, மயில், மர அணில் போன்றவற்றைக் கணக்கெடுக்க அரசால் முடிந்தது. பயிர்ச் சேதத்தை இவ்வளவு பெரிய விஷயமாக எடுத்த அரசு, தோட்டத்து மரக்கறிப் பாத்தியையும் அந்தக் கணக்குக்குள் கொண்டுவர வேண்டும்.

வெளிநாட்டுச் சொந்தங்களுக்கு

1964 சிறிமா – சாஸ்திரி உடன்பாட்டுக்குப் பிறகு இந்தியாவின் கூடலூர், கோத்தகிரிப் பக்கம் போன சொந்தங்கள் நமக்கு உண்டு. அங்கே ஆயுதச் சட்டம் 1959ஆம் ஆண்டினுடையது. 2016ஆம் ஆண்டின் விதிகளின்படி, உரிமம் உள்ளவர் நிரந்தரமாகவோ 6 மாதத்துக்கு மேலாகவோ வேறிடம் குடிபோனால், 30 நாட்களுக்குள் புதிய இடத்தின் உரிம அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். உரிமத்துக்கு நாடளாவிய ஒரு தனி அடையாள எண்ணும் உண்டு. 2019 திருத்தம் ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது.

கனடாவில் உரிமம் உள்ளவர் முகவரி மாறினால் 30 நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். 2022 ஒக்டோபர் 21 முதல் கைத்துப்பாக்கி விற்பனையும் கைமாற்றமும் அங்கே முடக்கப்பட்டிருக்கின்றன. ஆஸ்திரேலியாவில் 1996 ஏப்ரலில் போர்ட் ஆர்தரில் 35 பேர் கொல்லப்பட்ட பிறகு எல்லா மாநிலங்களும் ஒரே உடன்படிக்கைக்கு வந்தன. ஆனால் உரிமம் கொடுப்பது இன்றும் அந்தந்த மாநிலம்தான். அமெரிக்காவில் இது இன்னும் சிக்கல். ஒரு மாநிலத்தில் சாதாரணமாக வைத்திருக்கும் துப்பாக்கி அடுத்த மாநிலத்தில் சிறைக்குக் கொண்டுபோகலாம். கலிபோர்னியாவுக்குக் குடிவருகிறவர் தன் துப்பாக்கிகளை 60 நாட்களுக்குள் பதிய வேண்டும். மாநிலம் கடக்கும் பயணத்துக்கு 1986ஆம் ஆண்டின் மத்திய சட்டம் ஒரு பாதுகாப்புத் தருகிறது. ரவை நீக்கி, கைக்கு எட்டாமல் வைத்திருந்தால்தான் அது செல்லும்.

நமக்கு இலங்கை முழுவதும் ஒரே சட்டம். அந்த வகையில் நமது வேலை அவர்களை விட இலகு. கடிதம் எழுதும் பழக்கம் மட்டும்தான் நம்மிடம் குறைவு.

வெட்டி வைத்துக்கொள்ள

குடிபோகத் தீர்மானித்ததும்: இலக்கமும் பெயரும் ஒப்பிடுதல். இரண்டு பிரதேச செயலகங்களுக்கும் இரண்டு பொலிஸ் நிலையங்களுக்கும் எழுத்தில் அறிவித்தல். பிரதியில் முத்திரை.

சம்மதம் வரும்வரை: துப்பாக்கியும் ரவையும் பொலிஸ் நிலையத்தில், பற்றுச்சீட்டு உங்கள் கையில்.

பயணத்தில்: ரவை நீக்கி, பிரித்து, பூட்டி, தனி வாகனத்தில். மூல ஆவணங்கள் உடன்.

புதிய ஊரில்: உடனே பொலிஸுக்கும் கிராம சேவகருக்கும் தெரிவித்தல். துப்பாக்கி ஒரு பூட்டில், ரவை வேறு பூட்டில். சாவிகள் வேறு வேறு இடத்தில்.

ஒக்டோபர் 1: புதுப்பிக்கும் காலம் தொடங்கும் நாள். கடைசி வாரத்துக்குத் தள்ளிவைக்க வேண்டாம்.

காரணம் இல்லாமல் போனால்: முறைப்படி மாற்றுதல், விற்றல், ஒப்படைத்தல்.

ஒரு துப்பாக்கிக்கு ஆள் தெரியாமல் போனால் பயம் ஊருக்கே வருகிறது. யார் வைத்திருக்கிறார், எங்கே வைத்திருக்கிறார், எதற்கு வைத்திருக்கிறார் என்ற மூன்று கேள்விக்கும் எந்த நாளிலும் எழுத்தில் பதில் இருக்கும்படி வைத்துக்கொள்வது அனுமதி பெற்றவரின் கடமை. அந்தப் பதிலை எழுதித் தருகிறவர் மொழி தெரியாமலும் படிவம் விளங்காமலும் அலையாதபடி பார்த்துக்கொள்வது அரசின் கடமை. இந்த வருடம் ஒக்டோபர் புதுப்பித்தலுக்கு முன்பாவது சப்ரகமுவையின் பிரதேச செயலகங்கள் இடமாற்றத்துக்கான நடைமுறையைத் தமிழிலும் அச்சிட்டு, பலாங்கொடை நகரத்திலும் தோட்ட அலுவலகங்களிலும் ஒட்ட வேண்டும். செலவு ஒரு கட்டுக் காகிதம். அதைச் செய்வதற்கு அடுத்த விபத்து வரை காத்திருக்கத் தேவையில்லை.